பழைய தட்டு, புது உறை

"வரட்டும் அந்த மேதாவி. இன்னைக்கு அவரு சாயம் வெளுக்கப் போகுது" என்றார் கண்ணாடிக் கடைக்காரர், ஒரு மூக்குக்கண்ணாடிக்கு ஸ்க்ரூ முடுக்கியபடி.

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள் பில் போடும் மேஜையிலிருந்த மனைவி.

மேதாவி என்று அவர் சொன்னது, பத்திரிகையில் இசை விமர்சனம் எழுதுகிறவரை.

கடைக்காரர் இளமையில் டிரம்ஸ் வாசித்தவர். மனைவி பாடகி. கல்யாணத்துக்கு முன்னால், நண்பர்களோடு சேர்ந்து, வயற்காட்டுப் பாட்டுகளுக்கு எலக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும் வைத்து ஓர் இசைத்தட்டு போட்டார்கள்.

விமர்சகர் அதற்கு நாலு வரிதான் ஒதுக்கினார். 'டிரம்ஸ் இடிக்கிறது. கிடார் உறுமுகிறது. பாடகி என்று ஒருவர் பெயர் உறையில் இருக்கிறது. தட்டில் ஆளைக் காணோம்.'

அதோடு சரி. தட்டு படுத்தேவிட்டது. விற்காத பிரதிகள் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. மனைவி அதற்கப்புறம் குளியலறையில்கூட ஒரு வரி பாடியதில்லை.

இப்போது காற்று திசை மாறியிருந்தது. ஒரு சின்னக் கம்பெனிக்காரர்கள் எங்கோ பழைய கடையில் அந்தத் தட்டைக் கண்டெடுத்து, சொக்கிப்போய், ஒலியைத் துலக்கி, ரீமாஸ்டர் பண்ணி மறுபடி வெளியிடுகிறார்கள். விமர்சகருக்கும் ஒரு பிரதி அனுப்பிவைக்கச் சொன்னார்கள்.

அங்கேதான் கடைக்காரர் தன் கைவரிசையைக் காட்டினார். புது உறை மட்டும் முதலில் வந்திருந்தது. புதுத் தட்டு வரவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பிரிக்காத பழைய தட்டு ஒன்றை எடுத்துப் புது உறைக்குள் செருகி அனுப்பிவிட்டார். நடுவில் ஒட்டும் லேபிளைக் கம்பெனி மாற்றவில்லை என்பது வசதியாகப் போயிற்று. தட்டைக் கேட்ட விமர்சகர், இன்று நேரில் கடைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அன்னைக்கு மட்டம் தட்டினாரு. இப்ப நாலு பேரு கொண்டாடறாங்கன்னதும் ஆஹா ஓஹோம்பாரு. 'சார், நீங்க கேட்டது அதே பழைய தட்டு'ன்னு எல்லார் முன்னாடியும் போட்டு உடைக்கிறேன்."

"வயசானவருங்க."

"எனக்கு மட்டும் என்ன, பதினாறா?"

சொல்லி முடிக்கவில்லை, கதவு திறந்தது. விமர்சகரேதான். கடைக்காரரைத் தாண்டி நேரே பில் மேஜைக்குப் போனார்.

"நீங்கதானேம்மா பாடினது?"

"ஆமா சார்."

"என்ன குரல்மா அது! கடைசிப் பாட்டுல வாத்தியமெல்லாம் ஓஞ்சதும், லேசா மூச்சு வாங்கிட்டு மறுபடி எடுக்கறீங்களே… ஊசியைத் தூக்கித் தூக்கி வெச்சு அந்த இடத்தையே கேட்டுக்கிட்டிருந்தேன். வீட்டுல சாப்பிடக் கூப்பிட்டதுகூடத் தெரியலை."

மனைவிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பில் புத்தகத்தைப் புரட்டினாள்.

கடைக்காரர் தூண்டிலைப் போட்டார். "ஏன் சார், பழைய தட்டுல இதெல்லாம் இல்லையா?"

"சத்தியமா இல்லை. அதுல இந்தம்மா குரலே கிடையாது. ரீமாஸ்டர் பண்ணினவங்க மந்திரவாதிங்க சார்!"

மீன் கவ்விவிட்டது. பெஞ்சில் காத்திருந்த வாடிக்கையாளர்கள் வேறு தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். இதைவிட நல்ல சபை அமையுமா? கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"சார், ஒரு சின்ன விஷயம் சொல்லணும்…"

மனைவி 'வேண்டாங்க' என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"சொல்லுங்க" என்ற விமர்சகர், கண்ணாடியைக் கழற்றிக் கசிந்த கண்களைத் துடைத்துக்கொண்டு திரும்ப மாட்டினார். அது ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது.

கோணிய கண்ணாடியைக் கண்டால் கடைக்காரருக்குக் கை சும்மா இருக்காது. "இருங்க சார்" என்று எட்டி, அவர் காதுக்குப் பின்னால் விரலை விட்டார்.

விரல் அப்படியே நின்றது.

விமர்சகர் சட்டென்று அந்தக் கையைப் பிடித்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. பெஞ்சுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு கடைக்காரரைப் பார்த்தார்.

கடைக்காரர் மெதுவாகக் கண்ணாடியை நேராக்கினார். விலகியிருந்த நரைமுடியையும் காதின் மேல் இழுத்துவிட்டார்.

"என்னமோ… சொல்ல வந்தீங்களே?" விமர்சகரின் குரல் உள்ளே போயிருந்தது.

"அதுவா சார்?" கடைக்காரர் பெஞ்சுக்கும் கேட்கும்படிச் சொன்னார். "பழைய தட்டு சரியான குப்பை. நீங்க அன்னைக்கு எழுதினதுதான் நியாயம். இப்பத்தான் சுத்தம் பண்ணி ஒழுங்கா கேக்கற மாதிரி ஆக்கியிருக்காங்க."

விமர்சகர் அவர் கையை ஒரு தரம் இறுக்கிப் பிடித்துவிட்டு இறங்கிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். "அவ்வளவு குதிச்சீங்க! கடைசியில நம்ம தட்டை நீங்களே குப்பைன்னுட்டீங்களே?"

கடைக்காரர் அவள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "காது மெஷின் வெச்சிருக்காரு. புத்தம் புதுசு. முடியை வளர்த்து மூடி மறைச்சிருக்காரு. வெளியில தெரிஞ்சா அப்புறம் யாரு அவரை எழுத விடுவாங்க? மனுஷன் பொய் சொல்லலை. அதே பழைய தட்டைத்தான் இப்ப முதல் தடவையா கேட்டிருக்காரு."

மனைவி வாசலைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அடப்பாவமே! அவருக்குக் காது கேக்கலைங்கறதுக்கா நான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டிருந்தேன்?"