ஒரு கோடி வரை

"மெமரி மட்டும் கூட்டணும்ணா. ஆனா கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணக் கூடாது," என்றாள் அந்த வீட்டு அம்மாள்.

ஸ்டிக்கருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் மெக்கானிக்கான அவரைத் தெருவே அப்படித்தான் கூப்பிடும். பழைய மெமரியைக் கழற்றி, அதில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைத் தன் கண்ணால் படிக்காமல் புதியதை மாட்டவே மாட்டார். திரை ஆயிரம் சொல்லட்டும், கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்.

"ஓடற பஸ்ஸுக்கு டயர் மாத்த முடியுமாம்மா? கரண்ட் இருக்கறப்ப கைவெச்சா போர்டே போயிடும்."

"அப்ப எந்த மெமரி சேரும்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. ரொம்ப மெதுவாயிடுச்சு, அதான்."

மெதுவாகாமல் என்ன செய்யும்? ஐந்நூற்று எண்பத்தொரு நாளாக அணைக்காமல் ஓடுகிறது என்று திரை காட்டியது. மின்சாரம் போனாலும் நிற்காதபடி மேசைக்கடியில் ஒன்றுக்கு இரண்டாக யு.பி.எஸ். மனுஷனுக்கே ராத்திரியானால் தூக்கம் வேண்டியிருக்கிறது.

பக்கத்து அறையிலிருந்து ஒரு சிறுமியின் குரல் கேட்டது.

"தொண்ணூத்தொம்பது லட்சத்து... தொண்ணூத்தொம்பதாயிரத்து... தொள்ளாயிரத்து... எண்பத்தி... ஆறு."

ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிடலாம்.

"அடேங்கப்பா! பாப்பா கணக்குப் புலியா இருக்கே!"

அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "கண்ணாமூச்சி. நான் இதே கம்ப்யூட்டர்ல வேலையா இருந்தேன். விளையாட வா, விளையாட வான்னு ஒரே நச்சரிப்பு. போடி, ஒரு கோடி வரைக்கும் எண்ணிட்டு வான்னு சொல்லிட்டேன். எண்ணி முடிச்சதும் என்னைத் தேடி வந்துடுவா. இன்னும் பதினாலுதான்."

பிள்ளையை விரட்ட நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் ஸ்டிக்கர்.

காபி போடப் போனவள் வாசற்படியில் நின்று திரும்பினாள். "அணைச்சிடாதீங்கண்ணா."

அவள் தலை மறைந்ததும் அவருக்குக் கை அரிக்க ஆரம்பித்தது. இன்ன வகை, இன்ன வேகம், ஒரு இடம் காலி என்று திரை சொல்லிவிட்டது. அதே வகை மெமரி அவர் பையிலேயே இருந்தது. ஸ்டிக்கரை மட்டும் பார்த்துவிட்டால் போதும். பால் பொங்குவதற்குள் வேலை முடிந்துவிடும். வந்து வேகத்தைப் பார்த்தால் அசந்துபோவாள்.

பதறாத காரியம் சிதறாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அணைத்தார்.

கம்ப்யூட்டரின் விசிறி நின்றது. வீடே அமைதியாகிவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

பழையதைக் கழற்றி, தூசியை ஊதி, ஸ்டிக்கரைப் படித்தார். எண்கள் பொருந்தின. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நடுவில் இருக்கும் வெட்டும் பொருந்தியது. 'டிக்'கென்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்திவிட்டு மறுபடி ஆன் செய்தார். கட்டவிழ்த்த கன்றுக்குட்டி மாதிரி கிளம்பியது.

அவள் காபியோடு உள்ளே வந்தாள்.

"பாருங்கம்மா, பறக்குது!"

"ஒண்ணு," என்றது பக்கத்து அறைக் குரல்.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்த முகத்தைப் பார்க்கமுடியாமல், பாப்பாவிடமாவது சமாதானமாக ஏதாவது சொல்லலாமென்று ஸ்டிக்கர் பக்கத்து அறைக் கதவைத் திறந்தார்.

கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. தரை முழுக்கத் தூசி. ஒரு காலடித் தடம்கூட இல்லை.

"ரெண்டு. மூணு," என்றது யாருமில்லாத சுவரோரம்.

"பாப்பா எங்கம்மா?"

"போயி ஐநூத்தி எண்பத்தோரு நாள் ஆச்சுண்ணா."

"நாலு. அஞ்சு. ஆறு." குரலில் இப்போது இழுவையே இல்லை.

அவள் காபித் தம்ளரை அவர் கையில் கொடுத்தாள். பிறகு கதவுக்குப் பின்னால் போய், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, வெளியே தெரியாதபடி ஒளிந்துகொண்டாள்.