ஓடாத ஏசிக்கு சர்வீஸ்

நேசையன் வீட்டுப் பின்சுவரில் ஏசியின் வெளிப்பெட்டி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

காலை பதினொன்றரை மணி. குலசேகரத்தில் மூன்று நாளாக விடாத மழை. ஊரே போர்வையைத் தேடுகிற குளிரில், ஏசி போட்டுக்கொண்டு உள்ளே இருப்பது யார்?

அதைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு, குடையை மடக்கிக்கொண்டு, சத்தம் காட்டாமல் வந்து நின்றார் நேசையன்.

எல்லாம் செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தது.

ஏசி, மகள் ஜாஸ்மி வாங்கி மாட்டியது. மே மாதம் குவைத்திலிருந்து பிள்ளைகளோடு வந்தால் இருபது நாள் ஓடும். வருஷம் முழுக்கக் கரண்டு பில்லையும் அவளே அங்கிருந்து ஆன்லைனில் கட்டிவிடுவாள். அவள் விமானம் ஏறிய அன்றைக்கே நேசையன் சுவிட்சை அணைத்துவிடுவார். இந்த ஊர்க் குளிருக்கு ஃபேனே அதிகம் என்பது அவர் கட்சி. ராத்திரி செல்லபாய் ஃபேனைப் போட்டால்கூட, "ஏட்டி, ஆளக் கொல்லப் பாக்கியா?" என்று போர்வைக்குள்ளிருந்து பெண்டாட்டியை ஏசுவார்.

அப்படிப்பட்ட ஏசிக்கு ஜூலை மாதம் சர்வீஸ் என்று மெக்கானிக் யூஜின் வந்து நின்றால்? செல்லபாய்தான் போன் பண்ணி வரச் சொன்னாளாம். கழுவ ஐந்நூறு, கேஸ் நிரப்ப ஆயிரத்து எண்ணூறு.

"எலே, ஓடாத ஏசிக்கு எதுக்குலே சர்வீசு?" நேசையன் எகிறினார். பயல் நம்மைக் கறக்கப் பார்க்கிறான் என்றுதான் முதலில் நினைத்தார்.

யூஜின் கோபப்படவில்லை. உள்ளேயிருந்து வலைச்சட்டம் ஒன்றைக் கழற்றிக் கையில் கொடுத்தான்.

"ஓடாத ஏசியா? அண்ணே, இது தெனமும் நாலஞ்சு மணிக்கூர் ஓடுது. ஃபில்ட்டரப் பாருங்க."

நேசையனுக்கு ரப்பர் ஷீட் வியாபாரத்தில் முப்பது வருஷம். ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் குமிழும் பூஞ்சையும் அவருக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை மோந்தால் போதும், நன்றாகப் புகை போட்டதா, அவசரத்தில் கட்டியதா என்று சொல்லிவிடுவார். அவரை ஏமாற்றியவன் அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

அதே பழக்கத்தில் ஃபில்ட்டரையும் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். சாதாரணத் தூசி இல்லை. மாவு மாதிரி வெள்ளையாக அப்பியிருந்தது.

மோந்து பார்த்தார். பவுடர்.

அடுக்களையை எட்டிப் பார்த்தார். டீ போட்டுக்கொண்டிருந்த செல்லபாய் திரும்பவே இல்லை. யூஜினுக்கு ரூபாயைக் கொடுத்து அனுப்பினார்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. சர்ச்சுக்குக்கூடப் பவுடர் போடாதவளுக்கு நாற்பத்தெட்டு வயதில் எதற்குப் பவுடர்? ஈஸ்டர் முடிந்ததும் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்தாள். முடியை உச்சியில் தூக்கிக் கொண்டை போட ஆரம்பித்தாள். ஒரு நாளைக்கு இரண்டு குளியல், மூன்று குளியல். ராத்திரி அவர் கை பட்டால் தட்டிவிட்டு, தரையில் போய்ப் படுத்தாள். ஏன் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள்.

ஊரான் ஷீட்டையெல்லாம் தூக்கிப் பார்த்தோமே, சொந்த வீட்டைப் பார்க்காமல் விட்டோமே என்று மனுஷன் வெந்துபோனார். விஷயம் வெளியே தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு முன்வரிசையில் உட்காருவது? அது போகட்டும். இவள் போய்விட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள்?

இப்போது பின்வாசல் வழியாக நுழைந்தார். ஏசி அறைக் கதவின் அடியிடுக்கில், உள்பக்கமிருந்து ஒரு துண்டு திணிக்கப்பட்டிருந்தது. குளிர் வெளியே வராமலிருக்கவா, பேச்சு வெளியே வராமலிருக்கவா?

உள்ளே ஒரு பெருமூச்சு. "அப்பாடா... கர்த்தாவே..." செல்லபாயின் குரல்தான்.

கதவைத் தள்ளினார். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. சட்டென்று திறந்துகொண்டது.

செல்லபாய் வெறும் தரையில், சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டியிருந்தாள். கழுத்திலும் தோளிலும் பவுடர் திட்டுத்திட்டாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர்.

நேசையன் அவளைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அலமாரிக்குப் பின்னால் பார்த்தார். ஜன்னல் கொக்கியை இழுத்துப் பார்த்தார்.

அவர் தேடி முடிக்கிறவரைக்கும் அவள் செம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்தாள்.

ஈரச் சட்டையோடு நின்றவருக்கு அந்தக் குளிரில் தாடை நடுங்கியது. அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். நெற்றியிலிருந்து வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. கழுத்துப் பவுடரைக் கரைத்துக்கொண்டு இறங்கியது.

"மாசமொற நிண்ணதிலேருந்து உடம்பு தீயா எரியுது. ராத்திரி ஃபேனுக்கே சத்தம் போடுதிய. நான் வேற எங்க போவேன்?" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தேடியாச்சுன்னா கதவச் சாத்திட்டுப் போங்க. குளிரு வெளிய போவுது" என்றாள்.

அவர் வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

உள்ளே அவள் எழுந்து வந்து, துண்டை மறுபடி இடுக்கில் திணிப்பது தெரிந்தது.

பிறகு, தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.