சாத்திய கதவு

"மச்சான், உங்கக்கா கம்ப்யூட்டர்ல என்னதான் பண்றான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். அவளுக்குத் தெரியாம வேவு பாக்கிற சாஃப்ட்வேர் ஒண்ணு போட்டுக் குடு!"

ரிப்பேர் கடையில் கம்ப்யூட்டர் ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த மச்சினன் நிமிர்ந்தான். "அக்காவை வேவு பாக்கத் தம்பிகிட்டயே வந்து நிக்கிறீங்களே மாமா, உங்க தைரியம் யாருக்கு வரும்!"

"சிரிக்காதடா. சமையலறைக் குழாய் ஒழுகுது, வாஷர் வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பினா. நான் நேரா இங்க ஓடி வந்துட்டேன்."

சந்தேகம் புகுந்த மண்டையில் வாஷருக்கு ஏது இடம்!

"அப்படி என்ன தலை போற விஷயம்?"

மாமா குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு மாசமா ரூம் கதவைச் சாத்திக்கிட்டு கம்ப்யூட்டரே கதின்னு கிடக்கிறா. கேட்டா 'சும்மாதான்'ங்கறா. இன்னிக்குக் கதவுல காதை வெச்சேன். 'அழாதீங்க சார், நான் இருக்கேன்ல'ன்னு எவன்கிட்டயோ சொல்றாடா! எனக்கு ஒரு வாய் இறங்கல."

மச்சினனுக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டி, தண்ணீர் குடித்து, ஒருவழியாகப் பேசினான்.

"பொண்டாட்டியாவே இருந்தாலும், தெரியாம அவங்க கம்ப்யூட்டர்ல கைவெச்சா நாளைக்கு நாம ரெண்டு பேரும் கம்பி எண்ணணும் மாமா. இன்டர்நெட்ல இலவசமா சட்ட ஆலோசனை சொல்ற இடம் ஒண்ணு இருக்கு. பேர்கூடச் சொல்ல வேண்டாம். கேட்டுப் பாத்துடுவோமா?"

"கேளு. உள்ளதை உள்ளபடி டைப் பண்ணு."

மச்சினன் பக்கத்திலிருந்த வேறொரு கம்ப்யூட்டரில் தட்டினான். கதவு, காது, அழுத ஆள், எல்லாம் போனது. கொஞ்ச நேரம் திரையில் ஒன்றுமே வரவில்லை. அப்புறம்தான் பதில் வந்தது.

'கதவில் காது வைத்துக் கேட்டது நீங்கள்தானா?'

"இந்த வக்கீலுக்கு அதெல்லாம் எதுக்கு? ஆமான்னு போடு."

'உங்கள் மனைவி ஒன்றும் சின்னக் குழந்தை இல்லை. அவர் சம்மதம் இல்லாமல் வேவு பார்த்தால், வழக்கு என்று வரும்போது மாட்டப்போவது நீங்கள்தான். அதைவிட, அவரிடமே நேராகக் கேட்டால் என்ன?'

மாமாவின் முகம் வாடியது. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால் தானே தட்டினார்.

'பயமா இருக்கு சார். அவ இல்லாட்டி எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. ஆனா நீங்க சொல்றதுதான் நியாயம். சாஃப்ட்வேர் வேண்டாம். போய்க் கேட்டுடறேன்.'

தட்டி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. வேவு பார்த்துத் தெரிந்துகொண்டு என்ன கிழிக்கப்போகிறோம் என்றுகூடத் தோன்றியது. எழுந்து செருப்பை மாட்டினார்.

"வரேன் மச்சான். நடக்கிறது நடக்கட்டும்."

"இருங்க மாமா, இன்னொரு பதில் வருது. படிச்சிட்டுப் போங்க." பயலின் வாய் காதுவரை போயிருந்தது.

மாமா குனிந்து படித்தார்.

'ரொம்ப சந்தோஷம். ஃபீஸ் எதுவும் வேண்டாம், வர்ற வழியில குழாய்க்கு வாஷர் மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க. "சட்டம் படிச்சு என்ன, உன்கிட்டல்லாம் யாருடி யோசனை கேட்டு வருவா"ன்னு அன்னிக்கு அந்தச் சிரிப்பு சிரிச்சீங்களே... இப்ப யாரு வந்திருக்கா பாத்தீங்களா?'