பதினேழு பெல்விக்

"உலகம் பூராத் தேடி அறுபத்தொரு பெல்விக்தான் அகப்பட்டுதாம். நம்ம கூலிக்காரா குடியிருக்கிற லயத்துல மட்டும் பதினேழு. என்ன அக்கிரமம் இது?"

பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தின் ஹெட் கிளார்க் வெங்கிடேஸ்வரனுக்குக் கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது. கல்பாத்தியிலிருந்து வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. எதிரே கொழுந்துக் கூடையோடு இருதயம்மாள் நின்றாள். அவளுடைய மூன்றாவது மகன் பெயரும் பெல்விக்.

லண்டனிலிருந்து கடிதம் வந்திருந்தது. பெல்விக் என்பது அபூர்வமான குடும்பப் பெயராம். அது எந்தக் குக்கிராமத்தில் பிறந்தது, எந்தெந்த நாட்டுக்குப் போனது என்று அந்த வம்சத்துக் கிழவர் ஒருவர் புத்தகம் எழுதுகிறார். கனடாவில் ஒன்பது பேர், நியூசிலாந்தில் நாலு பேர். ஒரு பெல்விக் இந்தத் தோட்டத்தில் பதினோரு வருஷம் மானேஜராக இருந்துவிட்டு நாற்பத்தேழில் கப்பலேறினாரே, அந்தப் பெயரில் அங்கே யாராவது உண்டா என்று கேட்டிருந்தார்.

ரேஷன் பதிவைப் புரட்டிய வெங்கிடேஸ்வரனுக்குத் தலை சுற்றியது. பதினேழு பேரும் அந்தப் பதினோரு வருஷத்தில் பிறந்தவர்கள். போதாக்குறைக்கு, தன் பெயர் வைத்த குழந்தைக்கெல்லாம் துரை ஆளுக்கொரு கம்பளி கொடுத்ததாகக் கங்காணி வேறு சொன்னார். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது என்று கிளார்க் முடிவு கட்டிவிட்டார். எல்லாம் துரையின் ரத்தம், அந்தக் குடும்பம்தான் பொறுப்பேற்க வேண்டும் என்று நாலு பக்கம் எழுதியும் வைத்துவிட்டார். அவளைக் கூப்பிட்டது, அதில் கைநாட்டு வாங்க.

நியாயம் பேசக் கிளம்பிய மனுஷனுக்கு, எழுதுமுன் ஒரு பெண்ணிடமாவது கேட்கத் தோன்றவில்லை.

இருதயம்மாள் கூடையைத் தொப்பென்று போட்டாள்.

"எம் புருசன் உசுரோட இருக்காருய்யா. பதினேழு பொம்பளைக மானத்தைத் தபால்ல சீமைக்கு அனுப்புவீகளோ?"

"பின்னே எதுக்கு அவன் பேரை வச்சேள்? அத்தனை நல்லவனா?"

"நல்லவனா? நெறமாசக்காரிய மழையில கொழுந்தெடுக்க வச்ச பாவி. எதுத்து ஒரு வார்த்தை வஞ்சா, அன்னைக்கே குடும்பத்தோட மலையை விட்டு எறக்கிருவான்."

அவள் கூடையைத் தூக்கி மறுபடி முதுகில் மாட்டிக்கொண்டாள்.

"அதான் புள்ளைகளுக்கு அவன் பேரை வச்சோம். அவனும் பூரிச்சுப்போயி கம்பளி குடுத்தான். நாங்க பங்களா வாசல்லயே நின்னு, 'ஏலே பெல்விக், கட்டையில போறவனே'ன்னு தெனமும் வாய் நெறையப் புள்ளையக் கூப்பிட்டோம்."