நத்தைப் பராமரிப்பு

கடல்மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிக்குள், அடிமணலில் நத்தை மல்லாந்து கிடந்தது. அவர்தான் முதலில் பார்த்தார்.

முன்பென்றால் வீட்டை இரண்டாக்கியிருப்பார். "கண்ணு அவிஞ்சா போச்சு? மல்லாந்துட்டா அதால தானா திரும்ப முடியாதுடி! அப்படியே செத்துச்சுன்னா உப்புத்தண்ணி மொத்தமும் கெட்டு மீனெல்லாம் போயிடும்!" ஒருமுறை நத்தை செத்ததற்காக, சாப்பாட்டிலிருந்து மனைவியை எழுப்பித் தொட்டியைக் கழுவ வைத்தவர்.

இன்று அவர் வாயைத் திறக்கவில்லை. அவளே பார்த்துவிட்டாள். தண்ணீருக்குள் கையை விட்டு, நத்தையைப் பதமாகத் திருப்பிப் பாறைமேல் வைத்தாள்.

"அண்ணனோட நத்தைங்கள கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிறீங்க அண்ணி," என்றாள் வந்திருந்த நாத்தனார்.

"உங்கண்ணன் திட்டித் திட்டிச் சொல்லிக்குடுத்தது. மறக்குமா?"

நாத்தனார் கிளம்பியதும், கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலருகே வந்தாள். பக்கவாதத்தில் கை, கால், பேச்சு எல்லாம் போன நாளிலிருந்து அவர் மல்லாந்தேதான் கிடக்கிறார். முதுகுப் புண் நெருப்பாய் எரிந்தது. ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்கவைக்கச் சொல்லிக் கண்ணாலேயே கெஞ்சினார்.

அவள் குனிந்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"நீங்க செத்தா தண்ணி கெடாதுங்க."