சுவரின் மேல் அப்பா

அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் சட்டென்று நின்றார்கள். சுடுகாட்டுக்குப் போகும் தெருவின் குறுக்கே ஆளுயரச் சுவர். பக்கத்து நகர்க்காரர்கள் கட்டியிருக்கிறார்கள். சிமெண்ட் இன்னும் காயவில்லை. சுற்றிப் போவதென்றால் எங்கள் வாசலைத் தாண்டித்தான் திரும்ப வேண்டும்.

“எடுத்த பாடைய வாசலுக்குத் திருப்பக் கூடாது. சுவத்து மேல ஏத்துங்கப்பா,” என்றார் சித்தப்பா.

ஏற்றினோம். பாடை பாதி தாண்டியதும் அந்தப் பக்கத்து வாட்ச்மேன் ஓடி வந்து கத்தினார்: “இங்க இறக்கிடாதீங்க சார்! இங்கேயும் வழி இல்ல. சுடுகாட்டுப் பக்கம் முந்தாநாளே அடைச்சுட்டாங்க.”

அப்பாவின் கால்கள் அந்த நகரில் இருந்தன, தலை எங்கள் நகரில். பாடை எடுத்ததும் எங்கள் வீட்டைக் கழுவிவிட்ட தண்ணீர், தெருவோடு ஓடி வந்து, சுவரில் முட்டி எங்கள் காலடியில் தேங்கியது.