குளிர் பஸ்ஸில் பதினொரு பேர்

தலைமை நர்ஸ் நடுரோட்டில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

ஏசி பஸ் கிறீச்சிட்டு, அவள் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

மதியம் இரண்டு மணி. வெயில் மண்டையைப் பிளந்தது. ஐந்து நாளாக ஊரே அனல்காற்றில் வெந்துகொண்டிருந்தது. அன்று பாதி நகரத்துக்கு மின்சாரம் போய் ஒரு மணி நேரமாகியும் வரவில்லை. பிரசவ ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் இருமி இருமி ஓடிவிட்டு மூச்சை விட்டுவிட்டது.

மூன்றாம் மாடி வார்டில் பதினொரு குழந்தைகள். மூத்ததற்கு நான்கு நாள். கடைக்குட்டிக்கு ஆறு மணி நேரம்.

ஈரத்துணியால் ஒற்றி ஒற்றிப் பார்த்தாயிற்று. உடம்பெல்லாம் செக்கச்செவேலென்று சிவந்து, ஒவ்வொன்றாக அழுகையை நிறுத்திக்கொண்டன. அழுகிற குழந்தைக்கு அவள் என்றைக்குமே பயந்ததில்லை. அழாத குழந்தைக்குத்தான் பயப்படுவாள்.

ஓடிப்போய் டிரைவரின் ஜன்னலைத் தட்டினாள்.

"அண்ணே, பச்சப் புள்ளைங்க பதினொண்ணு! கரண்ட் இல்ல, ஜெனரேட்டரும் போச்சு. உங்க பஸ்ஸ விட்டா எனக்கு வேற வழியே தெரியலண்ணே!"

டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரே ஒரு விநாடி அவளைப் பார்த்தார். பிறகு மைக்கை எடுத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் எறங்கிக்கங்க. பெரிய மனுஷங்க வர்றாங்க."

இறங்கியவர்கள் யாரும் நிழலைத் தேடிப் போகவில்லை. அவள் பின்னாலேயே ஓடி வந்தார்கள்! டை கட்டிய ஒருவர் இரண்டிரண்டு படியாகத் தாவினார். முன்னே பின்னே தெரியாத ஒரு பெண் இரட்டைக் குழந்தைகளைத் தோளுக்கொன்றாகச் சாய்த்துக்கொண்டாள். சிசேரியன் ஆனவளை நாலு பேர் நாற்காலியோடு தூக்கி வர, ஐந்தாமவர் சலைன் பாட்டிலை உயர்த்திப் பிடித்தபடி பக்கவாட்டில் நடந்தார்.

பத்தே நிமிடம். பஸ் நிறைந்துவிட்டது.

நின்ற இடத்தில் ஏசி சரியாக எடுக்காது, மெல்ல ஓட்டிக்கொண்டே இருக்கிறேன் என்றார் டிரைவர். தன் கேபினுக்குள் நுழைந்து கண்ணாடிக் கதவை இறுகச் சாத்தினார்.

பஸ் ஆஸ்பத்திரியைச் சுற்றி ஊர்ந்தது. ஒரு சுற்று. இரண்டு சுற்று.

நர்ஸ் தெர்மாமீட்டரோடு சீட் சீட்டாகப் போனாள். கடைக்குட்டி மட்டும் துவண்டு கிடந்தது. அதன் உள்ளங்காலைச் சுண்டினாள். அசைவில்லை. இன்னொரு முறை சுண்டினாள்.

மூன்றாவது சுற்றில் அது முகத்தைச் சுளித்து, "ங்ங்ஙா" என்று வீறிட்டது.

அவ்வளவுதான், மற்ற பத்தும் சேர்ந்துகொண்டன. பஸ்ஸே அதிர்ந்தது. தாய்மார்கள் அழுதார்களா சிரித்தார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. நர்ஸுக்கோ கால் தரையில் பாவவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டிரைவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி, குளிர் தாங்கவில்லை என்று புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஒன்பதாவது சுற்றில் ஆஸ்பத்திரி ஜன்னல்களில் வெளிச்சம் வந்தது. வாசலில் காத்திருந்த பயணிகள் விசிலடித்தார்கள்.

பஸ் நின்றது. அந்த மனிதரின் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொல்ல வேண்டும் என்று நர்ஸ் முன்னால் ஓடி, கேபின் கதவைத் திறந்தாள்.

அடுப்பைத் திறந்ததுபோல் அனல் அவள் முகத்தில் மோதியது.

டிரைவர் தொப்பலாக நனைந்து, ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்திருந்தார். உதடுகள் வெடித்திருந்தன.

"கேபின் ஏசி மூணு நாளா ஓடல சிஸ்டர்," என்றார் மெல்ல. "கதவத் தொறந்தா உங்க குளிரெல்லாம் இந்தப் பக்கம் வந்துடும்ல..."

அன்று கரண்ட் வந்த பிரசவ வார்டில், மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த முதல் கட்டிலில், நெற்றியில் ஈரத்துணியும் கையில் சலைனுமாக, சாயங்காலம் வரை அவர்தான் படுத்திருந்தார். சுற்றிலும் பதினொரு பேர் விடாமல் அழுதுகொண்டிருந்தார்கள்.